யாருக்கு எந்தப் படம்?

(திகனயில் நடைபெற்ற எமது சங்கத்தின் பிரசாரக் குழுப் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உடுப்புத் துவைக்கவும் விறகு தேடவும் உங்களுக்கு இருப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அந்த நாளையும் விட்டுவிட்டு ரங்கலைப் பக்கமிருந்தும் வத்தேகமைப் பக்கமிருந்தும் பஸ் மாறி மாறி வந்திருக்கிறீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

இந்த மண்டபத்தின் மூலையில் ஒரு கட்டு சுவரொட்டி கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். போன முறை நாம் அச்சடித்ததில் மிஞ்சியது. கொழுந்துக் கூடையோடு ஒரு தாயின் படம், மேலே "சேமலாப நிதி எமது உரிமை" என்று பெரிய எழுத்து, கீழே சங்கத்தின் பெயர். படம் அழகாகத்தான் இருந்தது. அதே படத்தைத் தோட்டத்து லயச் சுவரில் ஒட்டினோம், கடைவீதியில் ஒட்டினோம், முகநூலில் போட்டோம், தொழில் அலுவலகத்துக்குப் போன மனுவோடும் இணைத்தோம்.

என்ன நடந்தது? லயத்தில் இருந்த அக்காமார், "இது எங்களுக்குத் தெரிஞ்சதுதானே, இப்ப நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டார்கள். சுவரொட்டியில் அதற்குப் பதில் இல்லை. கடைவீதியில் இருந்த சிங்கள முதலாளிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கட்சிக் கூட்டம் ஏதோ நடக்கப்போகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். கொழும்பில் கடையில் நிற்கும் பையன்கள் முகநூலில் பார்த்து ஒரு விருப்பக் குறி போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தொழில் அலுவலகத்தில், "படம் வேண்டாம், எத்தனை பேருக்கு எத்தனை மாதம் கட்டவில்லை என்று எழுதிக் கொண்டுவாருங்கள்" என்றார்கள்.

நான்கு இடத்திலும் ஒரே பொருளைக் கொடுத்தோம். ஓரிடத்தில்கூட அது வேலை செய்யவில்லை. சந்தாப் பணத்தில் அச்சடித்தது மூலையில் கிடக்கிறது. அது எங்கள் தவறு. அதைத் திருத்தத்தான் இன்றைய வகுப்பு. யாருக்கு, எந்த வடிவத்தில், எதற்காக என்ற மூன்றையும் முதலில் தீர்மானித்துவிட்டு, அதன் பிறகுதான் படம் எடுக்கவோ வரையவோ வேண்டும். இன்று நாங்கள் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

தேயிலை விற்றவர்கள் இதை அறிந்திருந்தார்கள்

இந்தத் தொழிலை நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் நமது தேயிலையை விற்றவர்கள். தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து ஊவாப் பக்கம் தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்று சொல்லி விற்றார். அந்த விளம்பரங்களில் கொழுந்து எடுக்கும் நமது பாட்டிமாரின் உருவம் வந்தது.

1926 முதல் 1933 வரை லண்டனில் பேரரசுச் சந்தைப்படுத்தல் சபை என்று ஒன்று இயங்கியது. பிரித்தானியப் பேரரசின் நாடுகளில் விளையும் பொருட்களைப் பிரித்தானிய மக்கள் வாங்க வேண்டும் என்பது அதன் வேலை. அவர்கள் ஒரே படத்தை எல்லோருக்கும் காட்டவில்லை. தெருவில் நடந்து போகிறவருக்காக மரச்சட்டத்தில் பெரிய சுவரொட்டி வைத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக அதையே சிறிய அளவில் அச்சடித்து அனுப்பினார்கள். படமாளிகைக்குப் போகிறவருக்காகத் திரைப்படப் பிரிவு ஒன்றையே வைத்திருந்தார்கள்.

இங்கே 1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபை உருவானது. அந்தச் சபைக்காக பசில் ரைட் என்ற இயக்குநர் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' என்ற படம் 1934இல் வெளிவந்தது. அதற்குக் குரல் கொடுத்தவர் கொழும்பில் வாழ்ந்த கலைஞர் லயனல் வென்ட். பணம் கொடுத்தது தேயிலைப் பிரசாரத்துக்கு. ஆனால் படத்தைப் பார்த்தால் தேயிலை வாங்குங்கள் என்று ஓரிடத்திலும் கத்தாது. மலையும் யாத்திரையும் நடனமும் வந்து போகும். படித்த வெள்ளைக்காரப் பார்வையாளனிடம் அப்படித்தான் பேச வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நூறு வருடத்துக்கு மேலாக நமது தாய்மாரின் படம் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. தேநீர்ப் பெட்டியிலும் தபால் அட்டையிலும் சுற்றுலாப் புத்தகத்திலும் அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். அந்தப் படம் எதிலும் அவருடைய சம்பளத் துண்டு இருந்ததில்லை. அதைக் காட்டும் வேலை நமக்கு வந்திருக்கிறது. அதைச் செய்யும்போது அவர்களுடைய கெட்டித்தனத்தை நாமும் கற்றுக்கொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை.

நமது முன்னோரும் அறிந்திருந்தார்கள்

வெள்ளைக்காரனிடம் மட்டும்தான் இந்த அறிவு இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். கோ. நடேசய்யர் பத்திரிகைக்காரர். தேசபக்தன் பத்திரிகையில் அவர் எழுதியதைக் கொழும்பிலும் நகரங்களிலும் எழுத்தறிந்தவர்கள் வாசித்தார்கள். லயத்தில் வாசிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. வெளியார் தோட்டத்துக்குள் வந்தால் அத்துமீறல் என்று பிடிப்பார்கள். புடவை வியாபாரி வேடத்தில் அவர் தோட்டங்களுக்குள் போனதை மலையக வரலாற்று நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. அவருடைய மனைவி மீனாட்சியம்மை தொழிலாளரின் நிலையைப் பாட்டாக எழுதினார். அது துண்டுப்பிரசுரமாகவும் புத்தகமாகவும் வந்தது. கூட்டங்களில் அவரே பாடினார்.

யோசித்துப் பாருங்கள். ஒரே செய்திதான். வாசிக்கிறவருக்குப் பத்திரிகை. வாசிக்கத் தெரியாதவருக்குப் பாட்டு. பாட்டை ஒருமுறை கேட்டுவிட்டால் கங்காணியால் அதைப் பறிமுதல் செய்ய முடியாது. கொழுந்து எடுத்துக்கொண்டே பாடலாம். அந்தக் காலத்தில் அதைவிடப் பொருத்தமான வடிவம் வேறு எது? 1931இல் ஹட்டனில் அவர்கள் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியபோது, இப்படிக் காதால் சேர்த்த ஆட்களும் அதன் பின்னால் இருந்தார்கள்.

இந்த முறை நமது விஷயம்

இப்போது நமது பிரசாரத்துக்கு வருவோம். விஷயம் இரண்டு. ஒன்று சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எப். மற்றது சேவைக்காலப் பணம்.

1958ஆம் ஆண்டின் சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்க வேண்டும். நிர்வாகம் 12 வீதம் போட வேண்டும். இரண்டையும் சேர்த்து அடுத்த மாதக் கடைசி வேலை நாளுக்குள் கட்டிவிட வேண்டும். பிந்தினால் 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் உண்டு. இதற்கு வெளியே ஈ.டி.எப். என்று 3 வீதத்தை நிர்வாகமே கட்ட வேண்டும். அதை நமது சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. 1983ஆம் ஆண்டின் சட்டப்படி, 5 வருடத்துக்கு மேல் வேலை செய்தவர் விலகினால், நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் வீதம் 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

இதைக் கணக்காகப் பார்ப்போம். 2024 செப்டம்பர் வர்த்தமானியில் வந்த 1350 ரூபாவை வைத்துக்கொள்வோம். ஒரு தாய் மாதத்தில் 25 பேர் போட்டால் 33,750 ரூபா. அதில் 8 வீதம் 2,700. நிர்வாகத்தின் 12 வீதம் 4,050. மாதத்துக்கு 6,750 ரூபா அவர் பெயரில் சேர வேண்டும். வருடத்துக்கு 81,000. 30 வருடம் வேலை செய்தவர் அதே சம்பளத்தில் விலகினால் சேவைக்காலப் பணம் மட்டும் 5 இலட்சத்து 67 ஆயிரம். சம்பளம் கூடினால் தொகையும் கூடும், கணக்குப் போடும் முறை இதேதான்.

சம்பளத்தில் 2,700 ரூபாவைப் பிடித்துவிட்டு அதைக் கட்டாமல் வைத்திருந்தால் அந்தத் தாய்க்குத் தெரிவதில்லை. துண்டில் பிடித்ததாக இருக்கும், நிதியில் சேர்ந்திருக்காது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் பணத்தை எடுக்கப் போகும்போதுதான் தெரியவரும். அப்போது கண்ணில் பார்வையும் குறைந்திருக்கும், காலில் தெம்பும் இருக்காது. நாம் போராடுவது அந்த இடைவெளியை முன்கூட்டியே காட்டுவதற்காக.

கொழுந்து எடுக்கும் அக்காமாருக்கு

முதலாவது ஆட்கள், இன்று வேலையில் இருக்கும் பெண்கள். அவர்கள் காலையில் பெரட்டுக்குப் போகிறார்கள். பகல் முழுக்க இரண்டு கையும் கொழுந்தில். மாலையில் நிறுவை, பிறகு பிள்ளைக் காம்பராவில் பிள்ளையை எடுத்துக்கொண்டு வீடு, சமையல். அவருக்குக் காணொளி அனுப்பிப் பயனில்லை. பெரும்பாலும் போன் மகனிடம் இருக்கும், டேட்டாவும் மகன் போட்டதாக இருக்கும். சுவரொட்டியை நடந்துகொண்டே பார்ப்பார். அதற்குள் 8 வீதமும் 12 வீதமும் புரியாது.

அவருக்கு ஏற்றது துணியில் வரைந்த பெரிய சம்பளத் துண்டு. வகுப்பறையில் நாங்கள் கண்டது இது: பிள்ளைக்குப் புத்தகத்தில் இருக்கும் சின்னப் படம் பிடிபடாவிட்டால் கரும்பலகையில் பெரிதாக வரைந்துவிடுவோம், உடனே பிடிபட்டுவிடும். பழைய படுக்கை விரிப்பு ஒன்று போதும். தோட்டத்தில் கொடுக்கும் துண்டில் எந்த வரி எங்கே இருக்கிறதோ அப்படியே வரையுங்கள். பிடிக்கும் 8 வீத வரிக்குச் சிவப்பு. நிர்வாகம் போடும் 12 வீதத்துக்குப் பச்சை. மாலையில் லயத்து முற்றத்தில் கட்டுங்கள். வருகிறவர் தன் துண்டைக் கையோடு கொண்டுவரட்டும். பெரிய துணியில் சிவப்பு வரி எது என்று பார்த்து, தன் துண்டிலும் அதே இடத்தில் விரல் வைக்கட்டும். இருபது நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். அடுப்பில் சோறு இருக்கும்.

கூட்டம் முடிந்து போகும்போது உள்ளங்கை அளவு அட்டை ஒன்று கொடுங்கள். அதில் நாலு வரி: ஈ.பி.எப். இலக்கம், மாதம், பிடித்த தொகை, கட்டியதா. மாதம் மாதம் அவரே நிரப்ப வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை நிரப்பட்டும். அந்த அட்டையை விடப் பெரிய சாட்சி நமக்குத் தேவையில்லை.

வேலையை விட்ட பெரியவர்களுக்கு

இரண்டாவது ஆட்கள், விலகிவிட்டுச் சேவைக்காலப் பணத்துக்குக் காத்திருக்கும் பெரியவர்கள். இவர்களுக்குத் துணியும் வேண்டாம், அட்டையும் வேண்டாம். நேரில் போய்ப் பேச வேண்டும். குரல்தான் இவர்களுக்கு வடிவம். வேலையில் சேர்ந்த வருடம், விலகிய நாள், கடைசி நாட்சம்பளம் மூன்றையும் கேட்டு, அவர் முன்னாலேயே பெருக்கிக் காட்டுங்கள். "உங்களுக்கு வர வேண்டியது இவ்வளவு" என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அவர் கையில் கொடுங்கள்.

கோயில் திருவிழாவின்போது தப்படித்து ஆட்களைக் கூட்டிச் சிறு நாடகம் போடலாம். காமன் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு நாடகம் புரியவைக்கத் தேவையில்லை. ஒபிசில் "நாளைக்கு வா" என்று ஒரு தாத்தாவை மறுபடி மறுபடி திருப்பி அனுப்பும் காட்சி ஒன்று போதும். அதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து பெயர் கொடுக்கிறவர்களைக் குறித்துக்கொள்ள, ஓரத்தில் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மேசை இல்லாத நாடகம் பொழுதுபோக்காகப் போய்விடும்.

வெளியே வேலை செய்யும் பிள்ளைகளுக்கு

மூன்றாவது, கொழும்புக் கடைகளிலும் பள்ளேகலைத் தொழிற்சாலைகளிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நமது பிள்ளைகள். காணொளி இவர்களுக்குத்தான். போனை நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கும் வடிவில், ஒரு நிமிடத்துக்குள். பஸ்ஸில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள், ஆகவே சொல்வதெல்லாம் எழுத்திலும் ஓட வேண்டும். கடைசியில் ஒரே ஒரு வேலை கேளுங்கள்: "இந்த மாதம் வீட்டுக்குப் போகும்போது அம்மாவின் சம்பளத் துண்டை எடுத்துப் பார், சங்கத்துக்குக் காட்டு." மூன்று நான்கு வேலை கேட்டால் ஒன்றும் நடக்காது.

இவர்களால் என்ன செய்ய முடியும் என்பதை 2018இல் பார்த்தோம். ஒக்டோபர் 24ஆம் திகதி, 1000 ரூபா அடிப்படைச் சம்பளம் கேட்டு மலையக இளைஞர் யுவதிகள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் கூடினார்கள். பெரிய சங்கங்கள் அழைத்த கூட்டமல்ல அது. சமூக வலைத்தளங்கள் வழியாகச் சேர்ந்த கூட்டம். அழைப்பு எவ்வளவு எளிமையானது என்று பாருங்கள்: இந்த நாள், இந்த இடம், கறுப்பு உடுப்பு. எல்லோரிடமும் ஒரு கறுப்புச் சட்டை இருக்கும். கூட்டம் கூடியதும் அந்தக் கறுப்பே படமாகிவிட்டது. 1000 ரூபா வர்த்தமானியில் வர 2021 மார்ச் ஆனது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனாலும் அந்தக் கோரிக்கையைக் கொழும்பு கண்ணால் பார்த்தது அந்த நாளில்தான்.

கடைவீதிக்கும் கிராமத்துக்கும்

நான்காவது, நமது சிங்கள, முஸ்லிம் அயலவர்கள். இவர்களைப் போன முறை மறந்துவிட்டோம். தோட்டத்தில் சம்பளம் போட்டால்தான் கடைவீதியில் கடன் கொப்பி தீரும். அது முதலாளிக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். கிராமத்திலிருந்து தோட்டத்துக்கும் கார்மெண்டுக்கும் வேலைக்குப் போகிற சிங்களச் சகோதரிக்கும் இதே ஈ.பி.எப். சட்டம்தான்.

இவர்களுக்குத் தமிழ்ச் சுவரொட்டியை மொழிபெயர்த்துக் கொடுக்காதீர்கள். சிங்களத் தோழர்களையே உட்கார வைத்து, அவர்கள் மொழியில், அவர்கள் விஷயமாகவே எழுதச் சொல்லுங்கள். கையில் கொடுக்கும் துண்டுப்பிரசுரம் போதும். அதைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போகாமல், கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு வர வேண்டும். திகனயில் அது ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் பிறகு சொல்கிறோம்.

அதிகாரிகளுக்கும் வெளிநாட்டவருக்கும்

ஐந்தாவது, தொழில் திணைக்களமும் மக்கள் பிரதிநிதிகளும். அங்கே கண்ணீர்ப் படம் எடுபடாது. ஒரு பக்க அட்டவணை கொடுங்கள்: ஈ.பி.எப். இலக்கம், எந்த மாதங்கள் கட்டப்படவில்லை, துண்டில் பிடித்த தொகை எவ்வளவு. பின்னால் துண்டுகளின் பிரதிகள். அட்டவணையும் ஒரு படம்தான். நாற்பது பெயருக்கு நேரே ஒரே ஆறு மாதம் வெறுமையாக இருந்தால், பார்த்தவுடன் அதிகாரிக்கு விளங்கும்.

ஆறாவது, நமது தேயிலையைக் குடிக்கும் வெளிநாட்டவர். பெட்டியில் சிங்கச் சின்னம் இருந்தால் அது முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது என்று அவருக்கு உறுதி கொடுக்கப்படுகிறது. பச்சைத் தவளைச் சின்னம் இருந்தால் அதற்கான விதிகளில் தொழிலாளர் உரிமையும் இருக்கிறது. அவருக்கு ஆங்கிலத்தில் நாலைந்து படமும் ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரியும் உள்ள சிறு தொகுப்புப் பொருத்தம். பாவம் என்று பார்க்கும்படி எடுக்க வேண்டாம். ஓட்டைக் கூரையும் அழுத முகமும் அவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். கையும், கொழுந்தும், துண்டும், அதில் காலியாக இருக்கும் இடமும் போதும்.

படத்தில் இருப்பவர் யார்?

இனிச் சொல்லப்போவது எங்களுக்குச் சொல்லக் கஷ்டமான விஷயம். ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

ஒரு தோட்டத்தில் ஓர் அம்மா, சேவைக்காலப் பணம் கிடைக்காததைப் பற்றி எங்களிடம் பேசினார். போனில் எடுத்தோம். முகத்தோடும் பெயரோடும் முகநூலில் போட்டோம். நிறையப் பேர் பகிர்ந்தார்கள், எங்களுக்குச் சந்தோஷம். அவருடைய மகன் அதே தோட்டத்தில்தான் வேலை செய்கிறார். அவரை ஒபிசுக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அவருக்குக் கஷ்டமான வேலைகளாகவே விழுந்தன. நாங்கள் போய்ப் பேசினோம், படத்தையும் எடுத்துவிட்டோம். எடுத்தாலும் பகிர்ந்தவர்களிடம் இருந்தது. அந்த அம்மா எங்களைத் திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டார்: "நான் சொன்னதப் போடத்தான் சொன்னேன் டீச்சர், என் மூஞ்சியப் போடச் சொன்னேனா?"

அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. தேநீர்ப் பெட்டிக்காரன் நமது பாட்டியிடம் கேட்காமல் படம் எடுத்தான் என்று மேடையில் பேசுகிறோம். நாமும் அதைத்தான் செய்திருக்கிறோம்.

ஆகவே சங்கம் ஒரு முறையை வைத்திருக்கிறது. முகம் தெரியும் படமாக இருந்தால், எங்கே போடுவோம், யார் பார்ப்பார்கள் என்று சொல்லிக் கேட்க வேண்டும். எடுத்த அன்றே போடக்கூடாது. வீட்டில் பேசிவிட்டு மறுநாள் சம்மதம் சொன்னால் போடலாம். சந்தேகம் இருந்தால் கையை மட்டும் எடுங்கள், அல்லது வரையுங்கள். சம்பளத் துண்டைப் படம் எடுத்தால் பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் மூன்றையும் தாள் வைத்து மறைத்த பிறகுதான் வெளியில் போட வேண்டும். தொழில் அலுவலகத்துக்குப் போகும் பிரதி வேறு, முகநூலுக்குப் போகும் படம் வேறு.

திகனயில் இதைச் சொல்லும்போது

நாம் உட்கார்ந்திருக்கும் ஊர் திகன. 2018 பெப்ரவரியில் தெல்தெனியப் பக்கம் வீதியில் நடந்த ஒரு தகராறில் தாக்கப்பட்ட சாரதி ஒருவர் மார்ச் தொடக்கத்தில் உயிரிழந்தார். அந்தத் துக்கத்தை வைத்துக்கொண்டு சிலர் என்ன செய்தார்கள் என்பது இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். மார்ச் 5ஆம் திகதி இந்தக் கடைவீதி எரிந்தது. முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. எரிந்த வீட்டுக்குள் ஓர் இளைஞர் உயிரிழந்தார். மறுநாள் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. அடுத்து முகநூலும் வாட்ஸ்அப்பும் சில நாட்கள் முடக்கப்பட்டன.

ஏன் முடக்கினார்கள்? கலவரத்துக்கு ஆள் சேர்த்ததில் காணொளிகளுக்குப் பங்கு இருந்தது. இதே திகனக் கடைவீதியில் நடந்தபடி, முஸ்லிம்களின் கடைகள் எத்தனை இருக்கின்றன என்று சொல்லி, கோபத்தைக் கிளப்பி எடுத்த காணொளி ஒன்று எல்லாப் போனுக்கும் போனது. சிங்களத்தில் வந்த வெறுப்புப் பதிவுகளைப் படித்துப் பார்த்து நீக்கப் போதிய ஆட்கள் அந்த நிறுவனத்திடம் இருக்கவில்லை. 2020 மே மாதத்தில் முகநூல் நிறுவனம் தனது தளம் இப்படிப் பயன்பட்டதற்காக மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைக்கு அது இரண்டு வருடம் பிந்திய மன்னிப்பு.

நாங்கள் இதை ஏன் இங்கே சொல்கிறோம்? அந்தக் காணொளியை எடுத்தவருக்குத் தன் ஆட்கள் யார் என்பது தெரிந்திருந்தது. எந்த மொழி, எந்த இடம், எந்த வடிவம் எடுபடும் என்பதும் தெரிந்திருந்தது. இன்று காலை முதல் நாம் படித்த பாடம் முழுவதும் அவரிடமும் இருந்தது. அந்த வருடம் மார்ச்சில் கடைவீதியை எரித்ததும் போன்தான், ஒக்டோபரில் நமது பிள்ளைகளைக் காலிமுகத்திடலில் சேர்த்ததும் போன்தான். ஆகவே வடிவத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. அது யாரை யாரிடமிருந்து பிரிக்கும் என்றும் பார்க்க வேண்டும்.

அதற்காக நமது குழுவுக்கு மூன்று கட்டுப்பாடு. நாம் வெளியிடும் ஒவ்வொரு படத்திலும் எந்த மாதம், எந்தப் பகுதி என்பது எழுதியிருக்க வேண்டும். பழைய படத்தைப் புதியதாகக் காட்டக்கூடாது. யார் எடுத்தது என்று தெரியாத படத்தை, அது நமக்குச் சாதகமாக இருந்தாலும், குழுவில் அனுப்பக்கூடாது. துரை எந்த இனம், கடைக்காரர் எந்த மதம் என்ற பேச்சு நமது எந்தப் பிரசுரத்திலும் வரக்கூடாது. சம்பளத்தைக் கட்டாமல் வைத்திருப்பது ஒரு நிர்வாகம், ஓர் இனமல்ல.

இனி வேலை

வெற்றியை எதை வைத்துப் பார்ப்பது என்று இளைஞர் அணி கேட்டது. எத்தனை பேர் விருப்பக் குறி போட்டார்கள் என்ற கணக்கு நமக்கு வேண்டாம். எத்தனை தாய்மார் துண்டைக் கொண்டுவந்து காட்டினார்கள், எத்தனை அட்டை மூன்று மாதம் தொடர்ந்து நிரம்பியது, எத்தனை பெரியவர்கள் முறைப்பாட்டில் கையெழுத்து வைத்தார்கள் என்று மாதக் கூட்டத்தில் சொல்லுங்கள். காணொளியைப் பத்தாயிரம் பேர் பார்த்து ஒரு துண்டும் வரவில்லை என்றால் அந்தக் காணொளியை நிறுத்திவிட்டு வேறு வழி பார்க்க வேண்டும்.

ஒரு தோட்டக் கமிட்டி ஆறு வகை ஆட்களையும் பிடிக்க முயல வேண்டாம். இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு கமிட்டியும் தனித்தனியாக உட்காரட்டும். உங்கள் தோட்டத்தில் இப்போது முதலில் யார் அசைய வேண்டும் என்று பேசி முடிவெடுங்கள். அவருக்கு ஏற்ற ஒரே ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். அதைப் பார்த்துவிட்டு அவர் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையை ஒரு வரியில் எழுதுங்கள். அந்த வரி எழுத வராவிட்டால் படம் எடுக்காதீர்கள், இன்னொரு முறை பேசுங்கள்.

மூலையில் இருக்கும் சுவரொட்டிக் கட்டையும் வீணாக்க வேண்டியதில்லை. பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. துணி கிடைக்காத கமிட்டிகள் நாலு தாளை ஒட்டி, பின்பக்கத்தில் சம்பளத் துண்டை வரையலாம். சிவப்பும் பச்சையும் மார்க்கர் இங்கே மேசையில் இருக்கிறது. போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள்.

 தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக.